ஏற்காடு போகிறீர்களா? இறங்கும் நேரத்தை முதலில் குறியுங்கள்!

சேலம்,—

சேலத்து வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். வடக்கே நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை! அதன் உச்சியில் குளுகுளு ஏற்காடு!

“ஞாயித்துக்கிழமை காலையிலே போயிட்டு சாயந்திரம் வந்துடலாம்” என்று பிள்ளை குட்டிகளோடு புறப்படும் குடும்பங்கள் ஏராளம்.

போவது சுலபம். வருவதில்தான் இருக்கிறது சங்கதி!

மலை ஏற நாலு நாள் யோசிக்கிறவர்கள், இறங்குவதைப் பற்றி நாலு நிமிடம் கூட யோசிப்பது இல்லை. படகுக்கு வரிசை, பஜ்ஜிக்கு வரிசை, போட்டோ என்று சுற்றிவிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தால் மணி ஆறு!

சீசன் நாட்களில் அந்த நேரத்துப் பஸ்சில் கால் வைக்க இடம் இருக்காது. கைக்குழந்தைக்கோ குளிர். “ரூம் எடுத்து தங்கிடலாமா?” என்று கேட்டால் சீசன் வாடகை சொல்வார்கள். மாதச் சம்பளக்காரர் பாதி மாதச் செலவை ஒரே ராத்திரியில் எண்ணிக் கொடுக்க வேண்டியதுதான்!

ரெயில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

‘ஏற்காடு எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு ரெயில் உண்டு. அது ஏற்காட்டுக்குப் போகாது! மலைக்கு ரெயில் பாதையே கிடையாது. சென்னை சென்ட்ரலில் இரவு புறப்பட்டு, விடியும் முன் சேலம் ஜங்ஷன் வந்து, ஈரோட்டுக்குப் போய் விடும்.

சென்னைவாசிகளுக்கு இது வசதிதான். இறங்கி, பல் தேய்த்து, காப்பி குடித்துவிட்டு புதிய பஸ் நிலையம் போனால் காலைப் பஸ்சைப் பிடிக்கலாம். அங்கிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோ மீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாகப் பஸ் ஏறும்.

ரெயில் டிக்கெட் முன்பதிவு காலம் 2024 நவம்பரில் 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு கவுண்ட்டருக்குப் போகாதீர்கள். போகிற டிக்கெட்டோடு திரும்புகிற டிக்கெட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே மாதத்தில் கோடை விழா, மலர் கண்காட்சி நடக்கும். பார்க்க அழகு, ஆனால் கூட்டமோ கூட்டம்! அந்த நாட்களில் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் பாதையில் திருப்பி விடுவதும் உண்டு. அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

முடிந்தவர்கள் சனி, ஞாயிறை விட்டுவிட்டு வார நாளில் போனால் பாதி தொல்லை இல்லை.

மழைக் காலத்தில் மலை பச்சைப் பசேல் என்று இருக்கும். ஆனால் பாதையை விசாரித்துவிட்டுப் போக வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்ஜல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றுபோனது.

தூரமானதை முதலில் பாருங்கள்

ஏரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. பஸ்சை விட்டு இறங்கியதும் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். அதுதான் தப்பு!

காலையில் தூரத்து இடங்களை முடியுங்கள். 5 ஆயிரத்து 300 அடி உயரத்தில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோவில், பகோடா பாயிண்ட் இரண்டும் முதலில். வெயில் ஏறும் முன் போனால் காற்று ஜில்லென்று இருக்கும்.

அடுத்து மத்திய அரசின் தாவரவியல் தோட்டம். ஆர்க்கிட் பூச்செடிகளும், பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியும் பிள்ளைகளுக்குக் கொள்ளை சந்தோஷம்!

கிளியூர் அருவிக்கு இறங்குவது சுலபம். ஏறுவதற்குள் மூச்சு முட்டும். முழங்கால் வலிக்காரர்களும் இதய நோயாளிகளும் மேலேயே இருப்பது உத்தமம். கோடையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் நகரமும், வளைந்து வளைந்து வரும் மலைப்பாதையும் காலடியில் தெரியும். ஏரியும் படகும் கடைசியில் இருக்கட்டும்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்த காப்பி இன்றும் மலையின் பிழைப்பு. ஊருக்கு வாங்கி வருவதானால் காப்பித்தூள், மிளகு வாங்கலாம்.

20 வளைவுகள்... உஷார்!

சேலம் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. 2024 ஏப்ரல் 30-ந்தேதி மாலை, ஏற்காட்டில் இருந்து இறங்கி வந்த தனியார் பஸ் பள்ளத்தில் பாய்ந்ததில் பலர் பலியானார்கள். ஏராளமானோர் படுகாயம் அடைந்தார்கள்.

சொந்த வண்டியில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். “நியூட்ரலில் விட்டா பெட்ரோல் மிச்சம்” என்பது எமனோடு போடும் கணக்கு! பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

வளைவில் ஆரன் அடியுங்கள், முந்தாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. இருட்டும் முன், மூடுபனி இறங்கும் முன், அடிவாரம் சேர்ந்துவிட வேண்டும்.

பஸ்சில் வாந்தி வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல், முன்பக்கம் உட்கார்ந்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் தொல்லை குறையும்.

கையில் என்ன வேண்டும்?

ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், குடை, சில்லறைக் காசு. கட்டுச்சோறு கொண்டுபோனால் செலவு மிச்சம். வாழை இலையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கட்டுங்கள். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடும்!

ஏற்காட்டில் கால் வைத்ததும் முதல் வேலை, பஸ் நிலையத்திலேயே திரும்புகிற பஸ் நேரங்களைக் கேட்டு எழுதிக்கொள்வது. கடைசி பஸ்சை நம்பாதீர்கள். அதற்கு இரண்டு பஸ் முன்னதைக் குறி வையுங்கள்.

சேலத்தில் ரெயில் ஏற வேண்டியவர்கள், ரெயில் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாவது மலையை விட்டுப் புறப்பட வேண்டும். ஏரியில் படகு நாளைக்கும் ஓடும். ரெயில் யாருக்கும் காத்திருக்காது!