டிரைவரின் கடிகாரத்தில் சிசிலி

சிசிலிக்குப் போகிறோம் என்று சொன்னதும் தெருவில் பாதிப் பேர் மாஃபியாவைப் பற்றிக் கேட்டார்கள். மீதிப் பேர், "குரூப் டூரா, பஸ்ஸுலயா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.

முதல் கேள்விக்கான பதில் பலெர்மோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் வழியிலேயே இருக்கிறது. கபாச்சி என்ற ஊர் அருகே நெடுஞ்சாலையின் இருபுறமும் செந்நிறத் தூண்கள் நிற்கின்றன. மாஃபியா மீது வழக்கு நடத்திய நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயை 1992 மே 23 அன்று சாலைக்கடியில் வெடிமருந்து வைத்துக் கொன்ற இடம் அது. அவரோடு அவர் மனைவியும் மூன்று காவலர்களும் இறந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவருடைய நண்பரும் நீதிபதியுமான போர்செல்லினோவையும் கொன்றார்கள். இன்று அந்த விமான நிலையத்துக்கே அந்த இருவர் பெயர்தான். பஸ் அந்தத் தூண்களைக் கடக்க அரை நிமிஷம்கூட ஆகாது. கண்ணை மூடியிருந்தால் போச்சு.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். என் வீட்டுக்காரர் மதுரையில் அரசுப் போக்குவரத்துக் கழக டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குக் கூட்டிப் போனாலும் அவருக்கு ஒரு கண் கோபுரத்தில், ஒரு கண் டயரில். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவள். ஒரு இடத்தைப் பார்த்தால், இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்றுதான் என் புத்தி போகும். சிசிலியில் எங்கள் இரண்டு பேருக்குமே தீனி கிடைத்தது.

சிசிலி மத்தியதரைக் கடலின் ஆகப் பெரிய தீவு. பரப்பு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர், மக்கள் 48 லட்சம் பேர் இருக்கலாம். இத்தாலியின் பெருநிலத்துக்கும் அதற்கும் நடுவே மெசினா நீரிணை, குறுகலான இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான். இன்றைக்கும் ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றித்தான் அக்கரை சேர்க்கிறார்கள். கரையோரம் ரயில் உண்டு. ஆனால் பார்க்க வேண்டிய பல இடங்கள் உள்நாட்டு மலைகளில், ரயிலடியிலிருந்து தள்ளி இருக்கின்றன. சொந்தமாகக் கார் ஓட்டத் துணிச்சல் இல்லாதவர்களுக்கு பஸ்தான் வழி.

லண்டனில் இருக்கும் மகள்தான் பதிவு செய்து கொடுத்தாள். பலெர்மோவில் ஏறி, அக்ரிஜென்தோ, பியாட்ஸா அர்மெரினா, சிரக்கூஸா, எட்னா என்று சுற்றி கத்தானியாவில் இறங்கும் ஒரு வாரத்துப் பயணம். ஆஸ்திரேலியர், கனடாக்காரர், அயர்லாந்துக்காரர் என்று கலந்த கூட்டம். தினமும் இருக்கை மாறும். எல்லாருக்கும் ஒரு நாள் முன்வரிசை. என் வீட்டுக்காரர் முன்வரிசை கிடைத்த அன்று காலையில் பல் தேய்த்ததிலிருந்தே சிரித்த முகமாக இருந்தார்.

அவர் கண்டுபிடித்துச் சொன்னதுதான் இந்தப் பயணத்தைப் புரிந்துகொள்ளும் சாவி. டூர் திட்டத்தை எழுதுவது கம்பெனி இல்லை, டிரைவரின் கடிகாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு டிரைவர் தொடர்ந்து நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதற்குள் 45 நிமிஷ இடைவேளை எடுத்தாக வேண்டும். அதை 15 நிமிஷம், 30 நிமிஷம் என்று இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம். ஒரு நாளில் ஓட்டுவது 9 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். இரவில் பொதுவாக 11 மணி நேர ஓய்வு. அதைக் குறைக்கவும் கணக்கு உண்டு. இதையெல்லாம் டேக்கோகிராஃப் என்ற கருவி பதிவு செய்கிறது. டிரைவர் தன் அட்டையைச் செருகினால்தான் அவர் கணக்கு ஓடும். போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டும்.

ஒரு நிறுத்தத்தில் எங்கள் டிரைவர் அதிலிருந்து ஒரு சீட்டை அச்சடித்து இவரிடம் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் வராது, இவருக்கு இத்தாலியன் வராது. இருந்தாலும் பிரேக், கியர், சம்பளம் வரை பேசிவிட்டார்கள்.

"ஏம்மா, நம்ம காபி குடிக்க நிறுத்துறாங்கன்னு நெனச்சியா? அது அவரோட சட்டப்படி ஓய்வு" என்றார் இவர்.

அதன் பிறகு சக பயணிகளின் முணுமுணுப்புகளுக்கு எல்லாம் விடை தெரிந்துவிட்டது. ராத்திரி பலெர்மோவில் ஒரு ரவுண்டு ஏன் கிடையாது? டிரைவர் ஓய்வில் இருக்கிறார். காலையில் ஏன் எட்டரைக்கு முன்னால் கிளம்பவில்லை? முந்தின நாள் வண்டி தாமதமாக நின்றது. சட்டம் சரியான சட்டம் என்பது என் கட்சி. ஹோட்டல் ஊருக்கு வெளியே அத்துவானத்தில் இருந்ததற்கு மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது. அது காசு மிச்சம்.

கடிகாரம் இப்படி இருக்க, ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் ஒன்றும் நிற்காது. ஊருக்கு ஒன்றே ஒன்றை மட்டும் ஆற அமரப் பார்ப்பது என்று நான் வைத்துக்கொண்டேன்.

அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க என் பழைய உத்தியோகம் கைகொடுத்தது. சிசிலிக்கு வில்லங்கச் சான்று எடுத்தால் பக்கம் பக்கமாக வரும். கிரேக்கர்கள், கார்தேஜ்காரர்கள், ரோமானியர்கள், பைசாந்தியர்கள், 827-இல் வந்திறங்கிய அரபுகள், 1072-இல் பலெர்மோவைப் பிடித்த நார்மன்கள், பிறகு ஜெர்மானிய, பிரெஞ்சு, ஸ்பானிய வம்சங்கள். 1860-இல் கரிபால்டி மர்சாலாவில் வந்திறங்கிய பிறகு இத்தாலி. 1946 முதல் தன்னாட்சிப் பகுதி. வந்தவர் யாரும் முன்னவர் கட்டியதை முழுக்க இடித்துப் போடவில்லை. தன் பெயரில் மாற்றிக்கொண்டு குடியேறினார்கள்.

இதற்குச் சாட்சி சிரக்கூஸா பேராலயம். வெளியே பார்த்தால் 18-ஆம் நூற்றாண்டின் ஆடம்பர முகப்பு. 1693 ஜனவரியில் வந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டியது. பக்கவாட்டுச் சுவருக்கு வந்து பாருங்கள்: தடித்த கிரேக்கத் தூண்கள் சுவருக்குள் அப்படியே புதைந்து நிற்கின்றன. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அது அதீனா தேவியின் கோவில். தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பித் தேவாலயமாக்கினார்கள். அரபுகள் காலத்தில் மசூதியானது. நார்மன்கள் மறுபடி தேவாலயமாக்கினார்கள். வழிபாடு இன்றும் நடக்கிறது. உள்ளே ஒரு தூணில் கை வைத்துக்கொண்டு நின்றேன். குரூப் ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விட்டது.

அக்ரிஜென்தோவில் கன்கோர்டியா கோவில் இவ்வளவு முழுசாக நிற்பதற்கும் காரணம் இதேதான். அதையும் 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேவாலயமாக்கினார்கள். ஆள் புழங்கிய இடம் பிழைத்தது. பக்கத்தில் ஜீயஸ் கோவில் கற்குவியலாகக் கிடக்கிறது.

பலெர்மோ அரண்மனைச் சிற்றாலயத்தில் கூரையைப் பாருங்கள். கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜர் 1140 வாக்கில் கட்டியது. சுவரில் பைசாந்தியப் பாணியில் பொன் மொசைக், மேலே மரக்கூரையில் அரபுத் தச்சும் ஓவியமும். உலகப் படம் வரைந்த அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசியும் இவர் அவையில்தான் இருந்தார். தோளை மூடாமல் தேவாலயத்துக்குள் விடமாட்டார்கள் என்று வழிகாட்டி தினமும் எச்சரிப்பார். சேலை கட்டுகிறவளுக்கு அந்தக் கவலை இல்லை.

பியாட்ஸா அர்மெரினா அருகே 4-ஆம் நூற்றாண்டின் ரோமானிய மாளிகை ஒன்று இருக்கிறது. சுமார் 3,500 சதுர மீட்டர் தரை முழுக்க மொசைக் சித்திரம். 12-ஆம் நூற்றாண்டில் மண் சரிந்து மூடியதால் தப்பியது. எல்லாரும் இரண்டு துண்டு உடையில் உடற்பயிற்சி செய்யும் பெண்களைப் படம் எடுக்க முண்டியடிப்பார்கள். நீங்கள் வேட்டைக் காட்சி உள்ள நீண்ட தாழ்வாரத்தின் ஒரு கோடிக்குப் போங்கள். யானைத் தந்தம் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். யானையும் புலியும் இருபுறம். சில ஆய்வாளர்கள் அவளை இந்தியா என்கிறார்கள், வேறு சிலர் ஆப்பிரிக்கா என்கிறார்கள். புலி ஆப்பிரிக்காவில் இல்லை. என் ஓட்டு இந்தியாவுக்கு.

என் வீட்டுக்காரர் பங்குக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பலெர்மோவையும் கத்தானியாவையும் இணைக்கும் ஏ19 நெடுஞ்சாலை, மலைகளுக்கு நடுவே பாலம் பாலமாகத் தாவிப் போகிறது. ரோம் நகருக்குச் சோறு போட்ட கோதுமை வயல்கள் கீழே. 2015 ஏப்ரலில் மலைச்சரிவில் ஹிமேரா பாலம் சாய்ந்து, ஒரு பக்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டி முழுப் பாதையும் திறக்க 2020 ஜூலை ஆகிவிட்டது. அந்த இடம் வந்ததும் இவர் எழுந்து நின்று பார்த்தார். "உக்காருங்க, பெல்ட்டப் போடுங்க" என்று நான் சொல்ல, டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

சைவச் சாப்பாட்டுக்குப் பயமே வேண்டாம். பனெல்லே என்று கொண்டைக்கடலை மாவை வேகவைத்து, வில்லையாக நறுக்கிப் பொரித்து பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். கத்தரிக்காய் போட்ட நோர்மா பாஸ்தா, புளிப்பும் இனிப்புமாக கப்போனாத்தா, காலையில் பாதாம் கிரனீத்தாவோடு பன். ஹோட்டல் பஃபேயை விட்டுத் தெருவுக்கு இறங்கியவர்களுக்குத்தான் இதெல்லாம்.

பலெர்மோவில் ஓய்வு நாள் மதியம் டவுன் பஸ் பிடித்து பெல்லெக்ரினோ மலைக்குப் போனோம். இது டூரில் இல்லாதது. நகரத்தின் காவல் தெய்வம் புனித ரொசாலியா. 1624-இல் கொள்ளை நோய் வந்தபோது அவருடைய எலும்புகள் இந்த மலைக் குகையில் கிடைத்தன, ஊர்வலம் எடுத்ததும் நோய் தணிந்தது என்பது நம்பிக்கை. குகையே கோவில், பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரத் தகடுகள் வைத்துப் பிடிக்கிறார்கள். அங்கே தமிழ்க் குரல் கேட்டது. இலங்கைப் போரின் காலத்திலிருந்து பலெர்மோவில் ஆயிரக்கணக்கில் ஈழத் தமிழர்கள் வாழ்கிறார்கள். இந்துக்களும் கத்தோலிக்கர்களுமாக இந்த மலைக்கு வருவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

"அக்கா, இந்தியாவில இருந்தோ வாறீங்கள்?" என்று யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர் கேட்டார். நெற்றியில் பொட்டு, கையில் மெழுகுவர்த்தி.

"ஆமாம்மா. நீங்க இந்துவா?"

"ஓம். இவ எங்களுக்கும் அம்மாதான். வந்த புதுசில வேலை, விசா எல்லாம் இவவிட்டத்தான் கேட்டனாங்கள்."

ஒரு மெழுகுவர்த்தியை என் கையிலும் கொடுத்தார்.

எட்னாவில் பஸ் சுமார் 1,900 மீட்டர் உயரம் வரை ஏறும். அதற்கு மேல் 2,500 மீட்டருக்குக் கேபிள் கார், தனிக் காசு. மேகம் மூடியிருந்தால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

கணக்கு வழக்கு: இது இத்தாலி, ஆகவே ஷெங்கன் விசா, 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. பல ஊர்களில் ஹோட்டலில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி தனியாகக் கேட்பார்கள். டூர் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, ஹோட்டல் ஊரின் நடுவிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றும் கேளுங்கள்.

எப்போது போவது என்று கேட்டால், ஏப்ரல், மே, இல்லாவிட்டால் அக்டோபர். பள்ளி விடுமுறை என்று பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆகஸ்டில் மட்டும் கிளம்பாதீர்கள். ஐரோப்பாவிலேயே இதுவரை பதிவான அதிகபட்ச வெப்பம் 48.8 டிகிரி செல்சியஸ். 2021 ஆகஸ்ட் 11 அன்று, சிரக்கூஸாவுக்குப் பக்கத்தில்தான் அது பதிவானது.