கொலுப்படிக்குக் கீழே ஒரு லால்பாக்

கொலு என்றால் பார்க் வேண்டும். மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். போன நவராத்திரிக்கு என் மகள், "ம்மா, இந்தத் தடவ லால்பாக் வைக்கலாம், லெகோல" என்றாள். பெங்களூரு லால்பாக் பூங்காவின் ஆகஸ்டு மலர்க் கண்காட்சியில் எல்லாரும் பூக்களைப் பார்க்க, அவள் கண்ணாடி மாளிகையின் இரும்புத் தூண்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றவள்.

பெட்டியோடு வரும் புத்தகத்தின்படி கட்டினால் கார் வரும். இரண்டு நாளில் அலமாரி ஏறும். லால்பாக்குக்குப் புத்தகம் கிடையாது. டப்பாவில் கலந்து கிடந்த கட்டைகளையெல்லாம் ஜமக்காளத்தில் கொட்டினோம்.

மாளிகையின் வெளிப்புறம் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது மதில்சுவர் போலத்தான் இருந்தது. மூன்று நாள் முட்டிக்கொண்ட பிறகு, ஸ்கேல் வைத்து அளந்தோம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். தட்டையான கட்டையின் உயரம் 3.2. ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16. அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம்! அப்படியென்றால் ஒரு சுவரைப் படுக்கவைத்துக் கட்டி, நிமிர்த்தி, இடைவெளியில் செருகலாம். தட்டைகளின் விளிம்புகள் இப்போது நெடுக்கில் கோடு கோடாகத் தெரிந்தன. ஜன்னல் சட்டம் கிடைத்துவிட்டது. அன்றைக்கு இருவருமே சாப்பிட எழுந்திருக்கவில்லை.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊர்த் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932-ல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் லெகோ. முதலில் வந்த பிளாஸ்டிக் கட்டைகளின் அடிப்பக்கம் வெறும் கூடு, பிடிமானம் போதாது. உள்ளே குழாய்களை வைத்து, மேல்குமிழை அவை இறுகப் பற்றும்படி செய்த கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரினார்கள். அந்த வருஷத்துக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாமாம்.

கட்டிக்கொண்டே மாளிகையின் கதையையும் படித்தேன். 1851-ல் லண்டனில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய கிரிஸ்டல் பேலஸ், ஒரே அளவுத் துண்டுகளைப் பட்டறைகளில் செய்து, கொண்டுவந்து கோத்த கட்டடம். அதை மாதிரியாக வைத்து 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்டதுதான் நம் லால்பாக் மாளிகை. அதன் வார்ப்பிரும்பு கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி வந்தது. மகளிடம் சொன்னேன். கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ அதுவும் லெகோதானாம்மா?" என்றாள்.

எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டியிருந்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது என்று நம்புகிறேன்.

வளைவுக் கூரைதான் கடைசிவரை படிப்படியாகவே நின்றது. முன்வாசலில் செட்டியாரையும் மனைவியையும் உட்கார வைத்தோம். எதிர்வீட்டு ஆன்ட்டி சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு, "லால்பாக் அல்வா!" (லால்பாக் இல்லையா!) என்று கன்னடத்தில் வியந்தார். மகளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்க வைத்தோம். மறுநாள் பொம்மைகளைத் துணியில் சுற்றும்போது, மாளிகையை மட்டும் அப்படியே வைத்திருக்கலாமா என்று கேட்டேன். அவள் ஏற்கெனவே கூரையைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"வெள்ளக் கட்ட எல்லாம் வேணும்மா. மெட்ரோ ஸ்டேஷன் கட்டணும்."