வெயிலுக்கும் மழைக்கும் ஒரு கூரை

வீட்டு வாசலில் கார் நிறுத்துவதற்கு எத்தகைய கூரை நல்லது என்பதை இன்று காண்போம்.

அரேபியப் பாலைவனத்தில் மழை அரிது, காற்றும் உலர்ந்தது. அங்கே நிழல்தரும் வலைத்துணியே பெரும்பாலும் போதும். ஜொகூர் பாருவோ நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேராக வந்துவிடுகிறது. மழையும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆகவே, நம் கூரை வெயிலைத் தடுக்கவும் வேண்டும். நீரை வடிக்கவும் வேண்டும்.

துருவும் அழுக்கும் ஏறிய தகரம் வெயிலை உறிஞ்சி, அடிப்புறம் வழியே அனலை வீசும். அந்த அனல் சன்னல் வழியாக வீட்டுக்குள்ளும் புகும். வெள்ளை பூசிய தகடு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனடியில் வெப்பத்தடுப்புப் படலம் இருந்தால் இன்னும் நன்று. தெளிந்த பாலிகார்பனேட் தகடு வெளிச்சத்தோடு வெப்பத்தையும் உள்ளே விடும். ஆதலால், நிறமேற்றியதும் புறஊதாக் கதிர்த்தடுப்புப் பூச்சு உள்ளதுமான தகட்டைக் கேட்டு வாங்குவோம். கூரையைச் சற்று உயர்த்திப் பக்கங்களைத் திறந்துவிட்டால் சூடான காற்று தங்காது.

சரிவு குறைந்தால் நீர் தேங்கும். கூரையோர வடிகாலில் இலை அடைத்தாலும் அவ்வாறே. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஒரே வாரத்தில் அது கொசுவாகப் பறந்துவிடும். காருக்கு நிழல் தேடி, பிள்ளைகளுக்கு டெங்கிக் காய்ச்சலை வரவழைக்கலாமா? வாரந்தோறும் வடிகாலைத் துப்புரவு செய்வோம்.

வேலையைத் தொடங்குமுன், 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி பெறவேண்டிய அனுமதியை மாநகர் மன்றத்தில் கேட்டறிவோம். விலையை மட்டும் பாராமல், நம் ஊரின் வானிலையையும் பார்த்துக் கூரை அமைப்போம்.