மரபணுவை மௌனமாக்குதல்

பரம்பரையலகு எனவும் வழங்கப்படும் மரபணுக்களுள், புரதங்களை ஆக்குவன மட்டுமே மனிதரிடத்து ஏறத்தாழ 20,000 உள. அவற்றுள் ஒன்று ஆற்றும் பணி யாது என்று அறிவது எங்ஙனம்? அதன் பணியைச் சிறிது காலம் நிறுத்தி, உயிர்க்கலத்தில் எது குறைகின்றது என்று நோக்குவது ஒரு வழியாகும். மரபணுவை அழிக்காமலே அதனை மௌனமாக்கும் முறையொன்று இன்று ஆய்வுகூடங்களிற் கையாளப்படுகின்றது.

பூனாகலை போன்ற தேயிலைத் தோட்டமொன்றை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்துப் பேரேடு காரியாலயத்தை விட்டு வெளியே செல்வதில்லை. எந்த மலையிற் கொழுந்து பறிப்பது என்னும் கட்டளை ஒரு துண்டில் எழுதப்பட்டுக் கங்காணியாரிடம் போகின்றது எனக் கொள்வோம். துண்டு வழியிலே கிழிபட்டால் அன்று அம்மலையில் வேலை நடவாது. பேரேட்டிலோ ஓரெழுத்தும் அழியாது. கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ.யே அப்பேரேடு. அதிலிருந்து படியெடுத்து வரும் தூது ஆர்.என்.ஏ.யே துண்டு. அதன்படி உண்டாகும் புரதமே வேலை.

துண்டைக் கிழிப்பது, குறுக்கிடும் சிறு ஆர்.என்.ஏ. இஃது ஏறத்தாழ 21 எழுத்து நீளமுள்ள ஈரிழை. இதனைக் கலத்தினுட் செலுத்தியதும், அங்குள்ள ஆர்கோநோட் என்னும் புரதம் ஓரிழையை வழிகாட்டியாகக் கொண்டு, அதனோடு பொருந்தும் தூதினைத் தேடி வெட்டிவிடுகின்றது.

ஈரிழை ஆர்.என்.ஏ.யின் இவ்வாற்றலை 1998இல் ஒருவகைச் சிறு புழுவிற் கண்டறிந்து வெளியிட்ட அன்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெலோ ஆகியோர் 2006இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயின் நீண்ட ஈரிழையை மனிதக் கலம் வைரசின் வருகையென எண்ணித் தற்காப்பில் இறங்கிவிடும். 2001இல் ஜெர்மனியில் தோமஸ் துஷ்ல் குழுவினர் குறுகிய இழைகளைக் கொண்டு இத்தடையைக் கடந்து, மனிதக் கலத்தில் லமின் என்னும் புரதத்தின் மரபணுவை மௌனமாக்கினர்.

இங்கு எச்சரிக்கையும் வேண்டும். எழுத்து வரிசை ஓரளவு ஒத்த வேறொரு தூதும் தவறுதலாக அடங்கிப்போகலாம். ஆதலின் ஒரே மரபணுவுக்கு வெவ்வேறு இழைகள் இரண்டேனும் பயன்படுத்தப்படும். எம்மரபணுவுக்கும் பொருந்தாத இழையொன்றும் ஒப்பீட்டுக்காகச் செலுத்தப்படும். இவையின்றி எடுக்கும் முடிவை நம்புதல் தகாது.

ஆராய்ச்சிக் கருவி பின்னர் மருந்துமாயிற்று. இவ்வகையின் முதல் மருந்தான பதிசிரானுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. இழையை ஈரற் கலங்களுக்குக் கொண்டு சேர்க்கும் சர்க்கரை இணைப்பை உருவாக்கியதிற் பெரும்பங்கு, தமிழ்நாட்டிற் பிறந்த இரசாயனவியலறிஞர் முத்தையா மனோகரனுடையது. அவ்விணைப்புக் கொண்ட முதல் மருந்து 2019இல் அனுமதி பெற்றது.

பரம்பரை நோயுடன் பிறந்தவரின் பேரேட்டை இம்முறை திருத்துவதில்லை. அதிலிருந்து புறப்படும் தீய கட்டளையையே தடுக்கின்றது. இழையின் வலு குன்றியதும் மரபணு மீண்டும் பேசும். ஆதலின் மருந்தையும் மீண்டும் மீண்டும் செலுத்த வேண்டியுள்ளது.