வாசலில் நின்றே ஆள்வது எப்படி?

டோபமினை இன்பத்தின் ரசாயனம் என்பது இக்கால வழக்கம்; அது பாதி உண்மையே. கருவிலுள்ள சிசுவின் மூளையில் வெகு சீக்கிரமே தோன்றிவிடும் இந்த வஸ்து, உயிரணுவின் உட்கருவுக்குள் தான் புகாமலே கூட அங்குள்ள மரபணுக்களை எழுப்ப வல்லதாயிருப்பது எப்படி? மேற்சவ்விலுள்ள டி1 என்னும் ஏற்பியை அது தொட்டதும், உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதன் பெருக, அதனால் விழித்தெழுந்த புரதக் கைனேஸ் ஏ என்னும் நொதி உட்கருவை அடைந்து, கிரெப் என்ற புரதத்தின்மேல் பாஸ்பேட் முத்திரையொன்றைப் பதிக்க, அம்முத்திரை பெற்ற கிரெப், சி-ஃபாஸ் முதலிய மரபணுக்களைச் சில நிமிஷங்களுக்குள் செயல்படத் தூண்டுகிறது. டி2 ஏற்பியோ அத்தூதனைக் குறைத்துவிடும். வஸ்து ஒன்றே, வாசலுக்கு வாசல் பலன் வேறு! சுண்டெலிக் கருவின் முன்மூளையில், பிரிந்து பெருகும் மூல உயிரணுக்களின் வேகத்தை டி1 தணிக்க, டி2 ஊக்குவிக்கிறது.