ஆணியை நம்பாத 67 மீட்டர் கோபுரம்... நகரத்துக்குத் திரும்புமா சீனாவின் மரக்கலை?

சீனாவின் ஷான்சி மாகாணத்தில் யிங்ஷியென் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கிட்டத்தட்ட இருபது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு ஒரு புத்தர் கோபுரம் நிற்கிறது. உயரம் 67 மீட்டர். கட்டிய ஆண்டு 1056. முழுக்க முழுக்க மரம்!

வெளியிலிருந்து எண்ணினால் ஐந்து மாடி. உள்ளே போனால் ஒன்பது தளம். மீதி நான்கும் கூரைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கின்றன. இத்தனை மரத்தையும் பிடித்து வைத்திருப்பது இரும்பு ஆணி அல்ல. ஒரு கட்டையின் நுனியை முளைபோலச் செதுக்கி, இன்னொரு கட்டையில் போட்ட துளைக்குள் இறுக்கும் பழைய தச்சு வேலைதான். நூற்றாண்டுகளாக நிலநடுக்கங்களைப் பார்த்துவிட்டது. 1926-ல் நடந்த உள்நாட்டுச் சண்டையில் பீரங்கிக் குண்டுகளையும் வாங்கியது. இன்னும் நிற்கிறது. ஆனால், நேராக இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

சுவர் விழும், வீடு விழாது!

பழைய சீனக் கட்டடங்களின் கூரைக்குக் கீழே, தூணின் தலையில் பூங்கொத்து மாதிரி அடுக்கடுக்காக மரக்கட்டைகள் விரிந்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் 'தோகோங்'. பார்க்க அலங்காரம்போலத் தெரியும். உண்மையில் வேலை செய்வதே அதுதான். கனமான ஓட்டுக் கூரையின் எடையை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூணுக்கு இறக்குகிறது. யிங்ஷியென் கோபுரத்தில் மட்டும் 54 வகை தோகோங் இருக்கின்றன.

நிலம் குலுங்கும்போது இந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று லேசாக உரசி, நகர்ந்து, அதிர்வைத் தின்றுவிடுகின்றன. பல கட்டடங்களில் தூண்களை மண்ணில் புதைப்பதுகூட இல்லை. கல்லின் மேல் சும்மா நிறுத்தியிருப்பார்கள். எடையைத் தாங்குவது தூணும் உத்தரமும்தான். சுவர் வெறும் மறைப்பு. 'சுவர் விழுந்தாலும் வீடு விழாது' என்று சீனாவில் சொல்வது இதனால்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு, பெய்ஜிங் அரண்மனைக் கட்டடம் ஒன்றின் மாதிரியை ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்து, குலுக்கும் மேடையில் வைத்துச் சோதித்தார்கள். சுவர்கள் சரிந்தன. மரச்சட்டம் ஆடியது, அசைந்தது, விழவில்லை.

இன்னொரு ஆச்சர்யம்... சோங் அரசவை அதிகாரி லி ஜியே தொகுத்து, 1103-ல் வெளியான கட்டுமான விதிநூல். மரத்துக்கு எட்டு அளவுகளை அது வகுத்திருக்கிறது. கட்டடம் எவ்வளவு பெரியது என்று பார்த்து அளவைத் தேர்ந்துவிட்டால், மற்ற கட்டைகளின் கணக்கு அதிலிருந்தே வந்துவிடும். பாகங்களைத் தனியாகச் செதுக்கி, கட்டும் இடத்தில் பொருத்தலாம். 'பிரீ-ஃபேப்' என்று இன்று நாம் கொண்டாடும் விஷயம்தானே இது!

சிமென்ட்டில் ஒரு மாறுவேடம்

அப்படியானால் இன்றைய சீன நகரங்களில் இந்தக் கலை எங்கே? பெரும்பாலும் தொப்பியாக இருக்கிறது. 1950-களில் கான்கிரீட் கட்டடங்களின் தலையில் பழைய பாணிக் கூரையை வைப்பது பெய்ஜிங்கில் பரவியது. செலவு எகிற, அந்தப் பாணிக்குக் குரல் கொடுத்த கட்டடக்கலை அறிஞர் லியாங் ஸுசெங் 1955-ல் கடும் கண்டனத்துக்கு ஆளானார். மனைவி லின் ஹுய்யினுடன் ஊர் ஊராக அலைந்து பழைய மரக்கட்டடங்களை அளந்து வரைந்தவர் அவர். 857-ல் கட்டப்பட்ட ஃபோகுவாங் கோயிலின் வயதை 1937-ல் உலகுக்குச் சொன்னவர்கள் இந்தத் தம்பதிதான்.

2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் எல்லோரும் செல்ஃபி எடுத்த சிவப்பு நிற சீன அரங்கம் நினைவிருக்கிறதா? ஹெ ஜிங்டாங் குழு வடிவமைத்தது. தோகோங்கையே பிரமாண்டமாகப் பெரிதாக்கியதுபோல இருக்கும். ஆனால், அதைத் தாங்குவது எஃகும் கான்கிரீட்டும். வடிவம் வந்தது, மரம் வரவில்லை. பார்க்க அழகுதான், தச்சருக்கு அதில் வேலை இல்லை.

வேறு வழியில் போனவர் வாங் ஷூ. 2012-ல் பிரிட்ஸ்கர் விருது வாங்கியவர். ஹாங்சோவில் உள்ள கலைக்கல்லூரி வளாகத்தில் அவர் கட்டிய விருந்தினர் இல்லத்தில் மண்ணைக் கெட்டித்து எழுப்பிய சுவர்கள், மேலே நீண்டு அலையலையாக ஓடும் ஓட்டுக் கூரை. அந்தக் கூரையைத் தாங்குவது நிஜ மரம். கூரைக்கு அடியிலும் மேலேயும் நடந்துபோய் மரச்சட்டங்களைப் பக்கத்தில் பார்க்கலாம்.

அதே ஷான்சியின் தலைநகர் தாய்யுவானில், தாவரவியல் பூங்காவுக்காக மரத்திலேயே குவிமாடங்கள் எழுந்திருக்கின்றன. பெரியதன் அகலம் சுமார் 90 மீட்டர். பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்த நவீன மரம் அது. வடிவமைத்தது வியன்னா நிறுவனம் என்பதுதான் வேடிக்கை!

கை மறந்தால்?

தடைகள் நிறைய. இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதைச் சீனா நிறுத்திவிட்டது. மரத்துக்குப் பெரிதும் இறக்குமதியை நம்ப வேண்டியிருக்கிறது. நெருக்கமான நகரத்தில் தீ பயம் வேறு. 2022 ஆகஸ்ட்டில் ஃபூஜியான் மாகாணத்தின் வான்ஆன் பாலம் எரிந்து விழுந்தது. சோங் காலத்தில் தோன்றிய, 98 மீட்டர் நீள மர வளைவுப் பாலம் அது.

இப்படிப் பாலம் கட்டும் கலையை 2009-லேயே 'உடனடியாகக் காப்பாற்ற வேண்டியவை' பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்திருந்தது. நகரமயம், மரப் பற்றாக்குறை, கட்ட இடமின்மை ஆகியவையே அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். பயிற்சியும் கவனமும் கிடைக்க, 2024-ல் அந்த அபாயப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. இந்தக் கலை அதிகம் புத்தகத்தில் இல்லை, கையில் இருக்கிறது. மூத்த தச்சர் பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும். பழக, கட்டுவதற்கு ஒரு பாலமோ வீடோ வேண்டுமே!

சரி, யிங்ஷியென் கோபுரத்துக்கு வருவோம். 1930-களில், 'அழகாக இருக்கட்டும்' என்று மேல்தளங்களின் மண்சுவர்களை எடுத்துவிட்டு ஜன்னல் கதவுகள் வைத்தார்கள். சுவருக்குள் மறைந்திருந்த குறுக்குச் சட்டங்களும் அதோடு போய்விட்டன. வெறும் மறைப்பு என்று நினைத்த சுவருக்குள் அங்கே பலமும் இருந்திருக்கிறது. கோபுரம் சாயத் தொடங்கியதற்கு முக்கியக் காரணமாக இதைச் சொல்கிறார்கள். இரண்டாம் தளத்தில் சில தூண்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சரிந்திருக்கின்றன. மேலே ஏற இப்போது அனுமதி இல்லை.

முழுதாகப் பிரித்து மறுபடி பூட்டுவதா, மேல்பகுதியைத் தூக்கி நிறுத்திக் கீழே சரிசெய்வதா, அப்படியே முட்டுக்கொடுத்து விடுவதா என்று நிபுணர்கள் பல ஆண்டுகளாக விவாதிக்கிறார்கள். பிரித்தால் ஆயிரம் வருடமாக ஒன்றையொன்று அழுத்தி வளைந்துபோன கட்டைகள் பழையபடி பொருந்துமா என்பது பெரிய பயம். இப்போதைக்குக் கருவிகளை வைத்துச் சாய்வை அளந்துகொண்டிருக்கிறார்கள்.