சங்கு எந்தப் பக்கம் வலம் வருகிறது?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை கிரிவலப் பாதையோரம் தார்ப்பாய் விரித்து, ருத்திராட்சம், ஸ்படிக மாலை, சோழி, சங்கு எல்லாம் பரப்பியிருந்த ஒரு கடையின் முன் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வயதான அம்மா ஒருவர், உள்ளங்கை அகலச் சங்கு ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது வலம்புரிதானா?”

“வலம்புரியேதாம்மா. மூக்கை மேல பிடிச்சு வாயைப் பாருங்க. சோத்துக்கை பக்கம் தொறந்திருக்கா இல்லையா?”

அந்த அம்மா அப்படியே பிடித்துப் பார்த்தார். வாய் வலப்பக்கம்தான் திறந்திருந்தது. கடைக்காரர் சொன்ன சோதனையில் பிழை இல்லை. ஆனால் அந்தச் சங்கு நம் கடல் சங்குதானா என்பது வேறு கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன். அவர் சொன்ன ‘மூக்கை மேல பிடிச்சு’ என்ற சொற்கள்தான் என்னை மீதி வழி முழுக்க யோசிக்க வைத்தன.

சங்கை நம் வழக்கப்படி பிடித்தால் நீண்ட மூக்கு மேலே இருக்கும், சுற்றுகள் குவியும் உச்சி கீழே போகும். அப்படிப் பிடித்து வாயை நம்மை நோக்கித் திருப்பினால், சாதாரணச் சங்கின் வாய் இடப்பக்கம் இருக்கும். அதனால் அது இடம்புரி. விலங்கியலாளர் இதையே தலைகீழாகப் பிடிப்பார். அவருக்கு உச்சிதான் மேலே. அப்போது அதே இடம்புரியின் வாய் வலப்பக்கம் வந்துவிடும். அவர் அதை வலச்சுழி என்று எழுதிக்கொள்வார். நாம் வலம்புரி என்று பூசை அறையில் வைப்பது அவருடைய ஏட்டில் இடச்சுழி. இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். பிடித்த கைதான் வேறு.

இதை மலையை வைத்தே பார்க்கலாம். ஒரு சாதாரண இடம்புரிச் சங்கை, உச்சி மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். உச்சியில் ஓர் எறும்பை விட்டு, சுற்றுகளுக்கு நடுவே ஓடும் பள்ளத்தின் வழியே கீழே நடக்க விடுங்கள். நடந்து இறங்கும் எறும்புக்குச் சங்கின் அச்சு எப்போதும் வலக்கைப் பக்கமே இருக்கும். இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று ஈசான்ய லிங்கம் வரை 14 கிலோமீட்டர் நடப்பவருக்கு அண்ணாமலை எந்தப் பக்கம் இருக்குமோ, அதே பக்கம். யாரும் விலை கொடுத்துத் தேடாத, பத்தோடு பதினொன்றான அந்தச் சங்குதான் தன் வாழ்நாள் முழுவதும் தன் அச்சை வலம் வந்து வளர்ந்திருக்கிறது. இது பிடிபட்டபோது நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன்.

வளர்ந்திருக்கிறது என்று சொன்னதை விளக்க வேண்டும். சங்கு ஓர் உயிரின் வீடு மட்டும் அல்ல, உடலோடு ஒட்டிய உறுப்பு. உள்ளே இருக்கும் மெல்லுடலின் ஓரச்சதை கால்சியம் கார்பனேட்டைச் சுரந்து, வாயின் விளிம்பில் மெல்லிய வரியாகச் சேர்த்துக்கொண்டே போகும். பழைய சுற்று கழிவதில்லை. ஆகவே சங்கின் உச்சி அதன் பிள்ளைப் பருவம், வாய் அதன் இன்றைய நாள். உயிரோடு கடலில் கிடக்கும்போது அது வெள்ளையாகவும் இருக்காது. வெல்வெட் போன்ற பழுப்புத் தோல் ஒன்று மேலே மூடியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் நமக்குத் தெரிந்த பால் வெண்மை.

இந்தச் சங்குக்கு லின்னேயஸ் 1767இல் ஓர் அறிவியல் பெயர் இட்டார். இன்று வழங்கும் பெயர் டர்பினெல்லா பைரம். முன்பாதி பம்பரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பின்பாதி பேரிக்காய். பழைய இந்திய மீன்வள நூல்களைப் புரட்டினால் சான்கஸ் பைரம் என்று இருக்கும். அந்தச் சான்கஸ் வேறொன்றும் இல்லை, நம் சங்குதான் லத்தீன் உடுப்பு போட்டிருக்கிறது. பெயரிடும் விதிகளின்படி பிறகு டர்பினெல்லா நிலைத்தது. எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு.

மன்னார் வளைகுடாவின் மணல் தரைதான் இதன் தாய்வீடு. தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்துக் குளியாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்து வந்தார்கள். குறிப்பிட்ட விட்டத்துக்குக் குறைந்த சங்கைத் திரும்பக் கடலில் போட்டுவிட வேண்டும் என்ற முறையும் நெடுங்காலமாக இருக்கிறது. சிந்துவெளிக் காலத்திலேயே குஜராத் கரையில் நாகேஷ்வர் என்னும் ஊரில் இதே சங்கை அறுத்து வளையல் செய்தார்கள். நம் கொற்கையிலும் அறுத்த சங்குகள் கிடைத்திருக்கின்றன. வங்காளத்து மணப்பெண் கையில் இன்றும் இதுதான் வளை. இவ்வளவு காலம் கையில் வைத்திருந்தும், உள்ளே இருந்த உயிரை நாம் அதிகம் விசாரித்ததில்லை.

அது புலால் உண்ணி. மணலுக்குள் குழாய் கட்டி வாழும் புழுக்கள்தான் அதன் இரை. கார்த்திகைத் திங்கள்கிழமைகளில் சிவன் கோயில்களில் 108, 1008 என்று சங்குகளில் நீர் நிறைத்து அபிஷேகம் செய்யும்போது, நீர் ஒழுகி இறங்கும் மூக்கைக் கவனித்திருப்பீர்கள். நாம் மூக்கு என்று சொல்வது தற்செயலாக மிகப் பொருத்தமான சொல். உயிருள்ள சங்கு அந்தப் பள்ளத்தின் வழியாக ஒரு சதைக்குழாயை நீட்டிக் கடல்நீரை உள்ளே இழுக்கிறது. அந்த நீர் செவுளுக்கு மூச்சு தருகிறது. செவுளின் அருகே உள்ள ஓர் உணர்வுறுப்பு அதே நீரில் இரையின் வாசனையைக் கண்டுபிடிக்கிறது. கண்ணால் தேடுவதில்லை, முகர்ந்துதான் வேட்டை. இரை கிடைத்ததும் துதிக்கை போன்ற வாய்க்குழல் நீளும். அதன் முனையில் அரம் போலப் பல் வரிசைகள் பதிந்த நாக்கு. ஆபத்து வந்தால் உடலை உள்ளிழுத்துக்கொண்டு, நகம் போன்ற கரிய மூடியால் வாசலைச் சாத்திக்கொள்ளும்.

சங்கில் ஆண் வேறு, பெண் வேறு. பெண், ஆட்டுக்கிடாவின் முறுக்கிய கொம்பு போன்ற ஒரு முட்டைக்கூட்டை இட்டு, அதன் ஒரு நுனியை மணலில் ஊன்றி வைக்கும். கொம்பு முழுக்கத் தட்டுத்தட்டாய் அறைகள். ஒவ்வோர் அறையிலும் சில குஞ்சுகள். பெரும்பாலான கடல் நத்தைகளின் குஞ்சுகள் முதலில் நீந்தும் சிற்றுயிராகி, நீரோட்டத்தில் எங்கெங்கோ மிதந்து போகும். சங்கின் குஞ்சு அப்படிப் போவதில்லை. அறைக்குள்ளேயே ஓடு கட்டி, சின்னச் சங்காகவே வெளியே ஊர்ந்து வரும். பிறந்த இடத்தைச் சுற்றியே அதன் வாழ்வு.

இதன் விளைவை நூறாண்டுக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டார். சென்னை மாகாணத்தின் முத்து, சங்குக் குளிப்புப் பொறுப்பில் தூத்துக்குடியில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல். 1914இல் இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு கடற்பகுதிச் சங்கு ஒடுங்கி நீண்டிருக்கும், இன்னொரு பகுதிச் சங்கு குட்டையாய்ப் பருத்திருக்கும் என்று வகை பிரித்தார். வளையல் அறுப்பவர்களுக்கு அது முன்பே தெரியும். சங்கைப் பார்த்தே கடலைச் சொல்வார்கள். குஞ்சுகள் ஊர் விட்டு ஊர் போகாததால் ஒவ்வொரு கரைக்கும் ஒரு முகம் வந்துவிட்டது. ஒரு கரையில் அள்ளித் தீர்த்துவிட்டால் பக்கத்துக் கடலிலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து நிரப்பப் போவதில்லை என்பதும் இதே காரணத்தால்தான். சின்னச் சங்கைத் திரும்பப் போடும் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, கடலே இல்லாத திருவண்ணாமலையில் சங்குக்கு உறவு யாராவது உண்டா? இந்த ஊரிலிருந்து புதுச்சேரிக் கரைக்குச் சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஐப்பசி மழையில் ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும் கருத்து உருண்ட நத்தை கிடைக்கும். கறி சமைக்க எடுப்பார்களே, அந்த நத்தை. மழைக்குப் பின் வீட்டுச் சுவரிலும் முருங்கை மரத்திலும் ஏறும் நத்தையும் உண்டு. இரண்டையும் நாம் நத்தை என்றே சொல்கிறோம். பார்க்கவும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கின்றன. உறவுமுறை அப்படி இல்லை. வயல் நத்தையின் நெருங்கிய பங்காளி கடலில் இருக்கும் சங்கு. சுவரேறும் நத்தை தூரத்து உறவு. அதற்கு நெருக்கம் கடல் முயல், ஓடில்லாக் கடல் நத்தை போன்றவை.

அடையாளம் வேண்டுமென்றால் மூடியைப் பாருங்கள். வயல் நத்தைக்குச் சங்கைப் போலவே வாசல் மூடி உண்டு, செவுள் உண்டு, ஆண் பெண் தனித்தனி. கூடவே ஒரு நுரையீரலும் வைத்திருப்பதால், கோடையில் ஏரி வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து மூடியைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடும். சுவரேறும் நத்தைக்கு மூடி இல்லை. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். ‘கடல் நத்தை’ என்ற சொல் முகவரியைத்தான் தருகிறது, குலத்தைத் தருவதில்லை. வயிற்றுக்காலிகள் என்ற இந்தப் பெருங்குடும்பத்தைச் செவுள் முன்னால் இருப்பவை, பின்னால் இருப்பவை, நுரையீரல் உள்ளவை என்று முன்பு மூன்றாகப் பிரித்துப் பாடப் புத்தகத்தில் படித்தோம். உடலமைப்பை நுணுகி ஆராய்ந்ததும், பிறகு மரபணுக்களை ஒப்பிட்டதும் அந்தப் பிரிவினையைக் குலைத்துவிட்டன. 2005இல் வந்த பூஷே, ரோக்ருவா வகைப்பாட்டில் பழைய மூன்றும் அந்த உருவில் இல்லை.

மீண்டும் திசைக்கு வருவோம். ஒரு சங்கு எப்பக்கம் சுழிய வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ஐரோப்பியக் குளங்களில் வாழும் லிம்னேயா என்னும் நத்தையில் இரு சுழியும் உண்டு. அதை வளர்த்துப் பார்த்தவர்களைக் கணக்கு குழப்பியது. பிள்ளையின் மரபணுவுக்கும் பிள்ளையின் சுழிக்கும் பொருந்தவே இல்லை. 1923இல் மரபியலாளர் ஸ்டர்டெவன்ட் முடிச்சை அவிழ்த்தார். பிள்ளையின் சுழியைத் தீர்மானிப்பது தாயின் மரபணு. தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பும் பொருள்தான் திசையைக் குறிக்கிறது. இடச்சுழிக்கான மரபணுவையே சுமக்கும் பிள்ளைகூடத் தாய் வலம் என்றால் வலம்தான். அந்தப் பிள்ளையின் சொந்த மரபணு பேச ஆரம்பிப்பது தாயின் பேரப்பிள்ளைகளின் ஓட்டில்.

இது நடக்கும் நேரமும் வியப்பானது. கரு நான்கு செல்லாக இருந்து எட்டாகப் பிரியும்போது, மேலுள்ள நான்கும் கீழுள்ளவற்றின் மேல் சற்றே ஒரு பக்கம் திரும்பி உட்காரும். அந்தச் சிறு திருப்பம்தான் பிற்காலச் சுருள் முழுவதும். ஜப்பானின் ரெய்கோ குரோதா குழுவினர் அந்தக் கணத்தில் செல்களை நுண்ணிய கண்ணாடிக் கோலால் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார்கள். வளர்ந்த நத்தை எதிர்ச்சுழியாக வந்தது. 2009இல் அதை வெளியிட்டார்கள். 2019இல் அதே குழு, தாயிடம் உள்ள ஒரே ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து இடச்சுழிப் பிள்ளைகளைப் பெற்றுக் காட்டியது.

எல்லா எதிர்ச்சுழியும் மரபணுவால் வருவதல்ல. 2016இல் இங்கிலாந்தில் ஜெரமி என்று பெயரிட்ட ஓர் இடச்சுழித் தோட்ட நத்தைக்கு ஊர் ஊராகத் துணை தேடினார்கள். பிறப்புறுப்பு எதிர்ப்பக்கம் இருப்பதால் சாதாரண நத்தையோடு அது இணைய முடியாது. கடைசியில் இன்னொரு இடச்சுழி கிடைத்து, ஜெரமி இறப்பதற்குச் சற்று முன் குஞ்சுகளும் பிறந்தன. அத்தனையும் வலச்சுழி. அந்த வகை நத்தையில் எதிர்ச்சுழி பெரும்பாலும் கருவில் நேரும் தற்செயல் என்று பின்னர் தெரிந்தது. நம் கடலின் வலம்புரி ஏன் இவ்வளவு அரிது என்று புரிந்துகொள்ள இந்த இணை தேடும் சிரமம் உதவும்.

அரிது என்பதால்தான் போலிக்கு இடம். அட்லாண்டிக் கடலோரத்திலும் மெக்சிகோ வளைகுடாவிலும் ‘மின்னல் சங்கு’ என்று ஓர் இனம் இருக்கிறது. அதில் இனமே இடச்சுழி. நம் வழக்கில் ஒவ்வொன்றும் வலம்புரி. டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதைத் தன் மாநிலச் சின்னமாக்கிக்கொண்டது. அந்தச் சங்கைத் தேய்த்து வெளுத்தால் நம் ஊர் வலம்புரி போலவே ஆகிவிடும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. வாய்க்குள் விளக்கு அடித்து நடுத்தண்டைப் பாருங்கள். மன்னார் வளைகுடாச் சங்கில் அங்கே மூன்று நான்கு மேடுகள் வரிசையாக, தெளிவாக ஓடும். அமெரிக்கச் சங்கில் அந்த வரிசை இருக்காது. கிரிவலக் கடையில் அந்த அம்மாவிடம் கேட்டுச் சங்கை வாங்கி, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். தண்டு வழவழவென்று இருந்தது. சொன்னேன். கடைக்காரர் முகத்தில் உண்மையான திகைப்பு. அவரும் யாரிடமோ அப்படித்தான் வாங்கியிருக்கிறார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய கடைகளில் தலை பருத்த கொம்புச் சங்கும், நீண்ட டிரைட்டன் சங்கும் அலங்காரத்துக்கு வருவதுண்டு. இரண்டும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. டிரைட்டன், பவளத்தைத் தின்று தீர்க்கும் முள் நட்சத்திர மீனைத் தின்னும் உயிர். அதை அலமாரியில் வைத்தால் பவளப்பாறைக்குக் காவல் இல்லை. தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஈசான்ய லிங்கத்தைத் தாண்டும்போது, சிவனடியார் கூட்டம் ஒன்று கொம்பும் சங்கும் ஊதிக்கொண்டு எதிரே நின்றது. ஊதும் சங்கின் உச்சியை அறுத்துத்தான் துளை செய்வார்கள். அறுபட்டுப் போகும் அந்தத் துண்டு, முட்டைக்கொம்பின் அறைக்குள் இருந்தபோதே குஞ்சு கட்டிய முதல் சுற்று. ஊதியவர் உதட்டை அங்கே வைத்து மூச்சைச் செலுத்த, அது சுற்றிச் சுற்றி இறங்கி வாய் வழியே வெளிவந்தது. நான் அருகில் போய்ப் பார்த்தேன். இடம்புரிதான்.